முழங்கால் உயரத்தில் நிற்கும் வீச்சு

கைக்கோடாலி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: பெரிய கோடாலி ஆபத்து, இது சின்னது, வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் புழங்கலாம். மலைக்குக் கூடாரம் போடப் போகிறவரும் சரி, கொல்லையில் காய்ந்து கிடக்கும் கிளைகளை ஒழுங்கு செய்ய நினைப்பவரும் சரி, இந்த நம்பிக்கையோடுதான் கடைக்குள் நுழைகிறார்கள். மரம் கழிப்பதும் தோட்டம் பேணுவதும் தொழிலாகிப்போன எங்களுக்கு இது தலைகீழான நம்பிக்கை என்று தெரியும். நின்றுகொண்டு வீசுகிறவருக்கு ஒரு முழம்கூட இல்லாத காம்பு, மூன்றடிக் காம்பைவிட ஆபத்தானது. எந்த எடை வாங்குவது, எவ்வளவு நீளம், எந்த இரும்பு, எப்படி இருந்து வேலை செய்வது, எதை அதனால் செய்யவே கூடாது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது. ஆகவே அதை முதலில் நிரூபித்துவிட வேண்டும்.

நிரூபிக்க ஓர் அளவுநாடா போதும். 165 செ.மீ. உயரமுள்ள ஒருவர் நேராக நின்றால் அவருடைய தோள் தரையிலிருந்து ஏறத்தாழ 135 செ.மீ. உயரத்தில் இருக்கும். தோளிலிருந்து மூடிய கைப்பிடி வரை 60 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். 35 செ.மீ. காம்புள்ள கைக்கோடாலியை அடிப்பக்கம் பிடித்தால், பிடிக்கு அப்பால் வாய் வரை இன்னும் 30 செ.மீ. கை முழுதும் நீண்ட நிலையில் வீச்சின் ஆரம் 90 செ.மீ. அதாவது, அடி தவறிப்போனால் அந்த வாய் இறங்கும் மிகத் தாழ்ந்த இடம் தரையிலிருந்து 45 செ.மீ. மேலே இருக்கிறது. அந்த மனிதரின் முழங்கால் இருப்பதும் அதே உயரத்தில். அவர் சற்றுக் குனிந்தால் தோள் 15 செ.மீ. இறங்கும், வாய் கெண்டைக்காலுக்கு நேரே வரும். இப்போது 90 செ.மீ. காம்புள்ள நெடுங்கோடாலியை எடுத்துக்கொள்வோம். இரண்டு கையாலும் அடியில் பிடித்தால் பிடிக்கு அப்பால் 75 செ.மீ.க்குக் குறையாது. ஆரம் 135 செ.மீ. ஆகிவிடுகிறது. குனிந்து வெட்டுகிறவரின் அடி தவறினால் கோடாலி அவர் காலை எட்டும் முன்பே, முன்னால் அரை மீட்டருக்கு அப்பால் மண்ணில் இறங்கி நின்றுவிடும். நெடுங்கோடாலியின் தவறை மண் வாங்கிக்கொள்கிறது. கைக்கோடாலியின் தவறை வாங்க நடுவில் கால் மட்டுமே இருக்கிறது. அமெரிக்காவில் டட்லி குக் 1981-இல் வெளியிட்ட விறகுவெட்டும் கையேடு நீளமான காம்பை வலியுறுத்துவதும், கனடாவின் வடபகுதிக் காடுகளில் பயிற்சி தந்த மோர்ஸ் கொச்சான்ஸ்கி போன்றோர் குட்டைக் கோடாலி விஷயத்தில் மாணவர்களை எச்சரித்ததும் இந்த வடிவக் கணக்கை வைத்துத்தான்.

கவனமாக இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். அடி தவறுவதெல்லாம் கவனக்குறைவால் வருவதில்லை என்பதே அதற்குப் பதில். காய்ந்த பட்டையில் சாய்வாக விழுந்த வாய் வழுக்குகிறது. பட்டைக்கு அடியில் மறைந்திருக்கும் கணுவில் பட்டுத் திரும்புகிறது. இன்னும் இரண்டு அடி தாங்கும் என்று நினைத்த கிளை, உள்ளே செல்லரித்திருந்ததால் ஒரே அடியில் அற்று, கோடாலி தன் வேகம் குறையாமல் அப்பால் பாய்கிறது. இந்த மூன்றும் மரத்துக்குள் இருக்கும் காரணங்கள். வெட்டுகிறவர் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் அவற்றை முன்கூட்டிப் பார்க்க முடியாது. வெயிலில் ஒரு மணி நேரம் வேலை செய்தபின் உள்ளங்கை வியர்ப்பதையும் தோள் தளர்வதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே, அடி தவறாது என்று நம்பி வேலையை அமைக்கக் கூடாது. தவறிய அடி எங்கே போய் நிற்கும் என்று பார்த்து அமைக்க வேண்டும்.

அப்படி அமைக்கும் வழி மிக எளியது. முழங்காலிட்டுக்கொண்டால் போதும். அதே மனிதர் முழங்காலிட்டால் தோள் 90 செ.மீ. உயரத்துக்கு வந்துவிடுகிறது. வேலைக்காக முன்னால் சாய்ந்தால் 70 அல்லது 75. வீச்சின் ஆரமோ அதே 90. எனவே தவறிய அடி முழங்காலுக்கு அரை மீட்டருக்கும் அப்பால் தரையில் முட்டி நிற்கிறது. நெடுங்கோடாலிக்கு நின்றபடி கிடைத்த அதே பாதுகாப்பு, கைக்கோடாலிக்கு மண்டியிட்டால் கிடைத்துவிடுகிறது. இங்கே நம் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. தரையில் வேலை என்றாலே குத்துக்காலிட்டு உட்காருவோம், விறகின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொள்வோம். குத்துக்காலிட்ட நிலையில் முழங்கால்கள் இரண்டும் உடம்புக்கு முன்னே நீட்டிக்கொண்டு, சரியாக வீச்சின் பாதையில் நிற்கின்றன, மிதித்த பாதமோ வாய்க்கு அடியிலேயே இருக்கிறது. தச்சர்கள் வாய்ச்சியால் செதுக்கும்போது காலால் பிடிக்கிறார்களே என்றால், அது ஆண்டுக்கணக்கில் பழகிய, முழங்கை அளவே அசையும் சிறு வீச்சு. விறகு பிளப்பவருக்கு அது முன்மாதிரி ஆகாது. மண்டியிடுவது நமக்குப் பழக்கமில்லாத இருப்பு. பழைய சாக்கை மடித்து முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொண்டால் அரைமணி நேரம் தாங்கும். அதற்கு மேல் கைக்கோடாலி வேலை எதுவும் தேவைப்படுவதும் இல்லை.

ஏன் தேவைப்படுவதில்லை என்பதையும் கணக்காகவே பார்க்கலாம். அடியின் ஆற்றல் தலையின் எடையோடு நேராகவும், வேகத்தின் இருமடியோடும் கூடுகிறது. ஒரே கோண வேகத்தில் சுழன்றால், 135 செ.மீ. ஆரத்தில் போகும் தலை 90 செ.மீ. ஆரத்தில் போவதைவிட ஒன்றரை மடங்கு வேகமாகப் போகும். அதன் இருமடி இரண்டேகால். நெடுங்கோடாலித் தலை 1.5 கிலோ, கைக்கோடாலித் தலை 600 கிராம் என்றால் அதில் இன்னொரு இரண்டரை மடங்கு. மொத்தத்தில் கைக்கோடாலியின் ஓர் அடிக்குப் பெரியதன் அடியில் ஐந்திலோ ஆறிலோ ஒரு பங்கு பலம்தான் உண்டு. இதை ஒப்புக்கொள்ள மறுப்பவர்கள்தான் எழுந்து நின்று, ஓங்கி, முழுத் தோள்பலத்தோடு வீசத் தொடங்குகிறார்கள். பலக்குறைவை வேகத்தால் ஈடுகட்டப் பார்க்கும் அந்தத் தருணத்தில்தான் காயங்கள் நேர்கின்றன. மணிக்கட்டுப் பருமனுக்கு மேற்பட்ட எதையும் கைக்கோடாலியால் குறுக்கே வெட்டக் கூடாது என்பது என் உறுதியான முடிவு. அந்த வேலை ரம்பத்துக்கு உரியது. 20 செ.மீ. நீளமுள்ள மடக்கு ரம்பம் ஒன்று, பையில் கோடாலியைவிடக் குறைந்த இடமே பிடித்துக்கொண்டு, மணிக்கட்டைவிடப் பருமனான காய்ந்த கிளையைச் சத்தமில்லாமல் அறுத்துத் தரும். உயிருள்ள மரத்துக்கும் ரம்பம்தான் நல்லது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போலத் தடித்திருக்கும் வளையத்தில்தான் மரம் தன் காயத்தை மூடும் திறனை வைத்திருக்கிறது என்று அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ விரிவாகக் காட்டியிருக்கிறார். கோடாலி அந்த வளையத்தைச் சிதைத்துப் பட்டையையும் கிழித்துவிடுகிறது. ரம்பத்தால் முதலில் அடியில் பாதி அறுத்து, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கி, கடைசியில் வளையத்துக்கு வெளியே மிச்சத்தை எடுத்தால் காயம் சுத்தமாக மூடும்.

குறுக்கே வெட்ட ரம்பம் இருக்கிறது என்றால் கைக்கோடாலி எதற்கு? நீளவாக்கில் பிளப்பதற்கும் முனை சீவுவதற்கும். இந்த இரண்டில் அதற்கு ஈடான சிறு கருவி வேறு இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ ஒரு காப்பித் தோட்டத்தில் உரிமையாளரின் அனுமதியோடு கூடாரம் அடித்தவர்களுக்கு இது புரியும். கீழே விழுந்து கிடக்கும் சில்வர் ஓக் கிளைகள் எல்லாம் நனைந்திருக்கும். சுள்ளி பொறுக்கினால் புகை மட்டுமே வரும். ஆனால் மழை பெரும்பாலும் பட்டையையும் வெளிறையும்தான் நனைக்கிறது. பட்டுக் காய்ந்த கிளையை ஒரு முழ நீளத் துண்டுகளாக அறுத்து, நாலாகப் பிளந்தால் உள்ளே காய்ந்த வைரம் இருக்கும். அதை விரல் பருமனுக்கும், பிறகு குச்சி பருமனுக்கும் சிராய்களாகப் பிளந்தால், எடைக்கு மேற்பரப்பு பலமடங்கு கூடி, நெருப்பு உடனே பற்றிக்கொள்ளும். இந்த வேலைக்கு ஓங்கி அடிக்க வேண்டியதே இல்லை. விறகின் முனையில், ஓரத்திலிருந்து சற்று உள்ளே, இழை போகும் திசையில் வாயைப் படிய வைத்துவிட்டு, விறகையும் கோடாலியையும் சேர்த்தே ஒரு கையளவு தூக்கி வெட்டுக்கட்டையின் மேல் தட்டினால் போதும். இறங்கிய வாயைச் சற்றுத் திருகினால் துண்டு பிரிந்துவிடும். இந்த முறையில் வாய் காற்றில் தனியாகப் பறக்கும் தருணமே கிடையாது, எனவே தவறுவதற்கு அடியே இல்லை. கொஞ்சம் பெரிய துண்டானால் கோடாலியை மேலே பொருத்தி, அதன் முதுகில் ஒரு மரக்கட்டையால் அடிக்கலாம். இரும்புச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. எஃகு எஃகோடு மோதும்போது சில்லுகள் கண்ணை நோக்கித் தெறிக்கும், காம்புத் துளையும் நாளடைவில் நெளிந்துவிடும். ஒரு கையால் விறகை நிறுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓங்கிப் பிளப்பதை மட்டும் யாருக்கும் கற்றுத்தரவே கூடாது. பிடித்திருக்கும் பெருவிரலுக்கு அது நிச்சயமான எமன். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் ஒரு நீளக் குச்சியால் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

இந்த இடத்தில் எழும் எதிர்ப்பு ஒன்றை நான் மிகவும் மதிக்கிறேன். நம் வீடுகளில் அரிவாள் இருக்கும்போது கைக்கோடாலி என்ற ஒன்று எதற்கு என்பதுதான் அது. திருப்பாச்சியில் அடித்த வெட்டரிவாள் ஒன்று தென்னை மட்டையை, மூங்கிலை, வேலிக்காலில் படர்ந்த பச்சைக் கிளைகளை வெட்டுவது போலக் கைக்கோடாலியால் வெட்டவே முடியாது. அரிவாளின் எடை அதன் நீளம் முழுவதும் பரவியிருக்கிறது, அலகு மெல்லியது, வளைந்த மூக்கு கிளையை இழுத்து நிறுத்துகிறது. பச்சை மரத்துக்கு அதுதான் முறையான கருவி. வளவில் முருங்கையும் தென்னையும் வாழையும் மட்டும் வைத்திருப்பவர் கைக்கோடாலிக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் காய்ந்த புளியையோ சவுக்கையோ சீமைக் கருவேலத்தையோ பிளக்க அரிவாளை ஓங்கினால், மெல்லிய அலகு இறுகிச் சிக்கிக்கொள்கிறது. அதை உருவ முயலும்போது அலகு திருகிக்கொள்ளும், சில நேரம் வாய் பல் விழும். கோடாலியின் தலையில் எடை முழுவதும் ஏழெட்டு செ.மீ. வாய்க்குப் பின்னால் திரண்டிருக்கிறது, அதன் கன்னங்கள் ஆப்பாக அகன்று மரத்தை இரு பக்கமும் தள்ளுகின்றன. அரிவாள் அறுக்கிறது, கோடாலி பிரிக்கிறது. தூரில் கணு ஓடிய துண்டுகள், வேலிக்கு முளை சீவுவது, பட்டுப்போன செடியின் வேரை மண்ணுக்கு மேலே நறுக்குவது ஆகிய வேலைகள் உள்ள வளவுக்குத்தான் கைக்கோடாலி வேண்டும். தென்னந்தூரை அதனால் பிளக்கப் பார்க்கவே வேண்டாம். தென்னையில் வளையமும் வைரமும் கிடையாது, வெளிப்புறம் இறுகிய நார்க்கற்றைகள், உள்ளே சக்கை. வாய் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளுமே தவிர மரம் பிளவாது.

வேலை இதுதான் என்று தெளிந்துவிட்டால் அளவைத் தேர்வது கடினமில்லை. தலை 500 முதல் 700 கிராம், காம்பு 33 முதல் 38 செ.மீ., மொத்தம் ஒரு கிலோவுக்குள். ஸ்வீடனின் கிரான்ஸ்போர்ஸ் பட்டறையும் பின்லாந்தின் ஃபிஸ்கார்ஸும் கைக்கோடாலி என்று செய்து விற்பவை ஏறத்தாழ 35 செ.மீ. நீளத்தில், இந்த எடைக்குள்தான் இருக்கின்றன. ஒரு கிலோத் தலையை ஒரே கையால் பத்து நிமிடம் ஆட்டினால் மணிக்கட்டு தளர்ந்துவிடும். கூடுதல் எடை கூடுதல் பலம் என்ற எண்ணம் இரு கைக் கோடாலிக்கு உண்மை, ஒற்றைக் கைக்குப் பொய். இன்னும் கொஞ்சம் நீளமாக, 50 செ.மீ. காம்பு போட்டுக்கொண்டால் இரண்டு வேலைக்கும் ஆகுமே என்று நினைப்பவர்களும் உண்டு. அந்த நடுத்தர நீளத்தைக் காட்டில் மரம் வெட்டிப் பழகியவர்கள் நன்றாகவே பயன்படுத்துகிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது நின்று வீசும் ஆசையைக் கிளப்பும். நின்று வீசினால் அதன் வாய் எங்கே போய் நிற்கும் என்று முன்னே பார்த்த கணக்கையே போட்டுப் பாருங்கள். நேராக நின்றால் கெண்டைக்காலில், சற்றுக் குனிந்தால் கணுக்காலுக்குச் சற்று மேலே. குட்டையை வாங்கினால் முழுக்கக் குட்டையாக வாங்கி மண்டியிட்டு வேலை செய்யுங்கள், அல்லது முழு நீளக் கோடாலியை வாங்கி நின்று வேலை செய்யுங்கள்.

எஃகின் பெயரைப் பற்றி விற்பனையாளர்கள் நிறையப் பேசுவார்கள். நான் முதலில் பார்ப்பது வாயின் வடிவம். ஓர் அடிக்கோலை எடுத்து, கூரிலிருந்து சரியாக 1 செ.மீ. உள்ளே தலையின் தடிமன் எவ்வளவு என்று பாருங்கள். 5 மி.மீ. என்றால் இரு சரிவுகளும் சேரும் கோணம் ஏறத்தாழ 28 பாகை. பிளக்கவும் சீவவும் பொருத்தமான வாய் அது. 8 மி.மீ. என்றால் கோணம் 43 பாகையைத் தாண்டிவிடுகிறது. எவ்வளவு தீட்டினாலும் அது மரத்தை நசுக்குமே தவிர வெட்டாது. நம் ஊர்ப் பட்டறைக் கோடாலிகளில் காணும் பெரிய குறை இதுதான். இரும்பில் குறை இருப்பது அரிது. பெரும்பாலும் லாரியின் பட்டை ஸ்பிரிங்கைக் காய்ச்சி அடிக்கிறார்கள், அதில் கோடாலிக்குப் போதுமான கரிமம் இருக்கிறது. நல்ல கொல்லர் துவைச்சல் வைத்த, அதாவது காய்ச்சி முக்கிப் பதமேற்றிய, வாய் வெளிநாட்டுக் கோடாலியோடு சமமாக நிற்கும். ஆனால் கடைக்கு மொத்தமாகப் போகும் சரக்கில் கன்னத்தைத் தட்டி மெலிதாக்கும் உழைப்பைப் பெரும்பாலும் யாரும் செலவிடுவதில்லை. பட்டறைக்கு நேராகப் போய், விறகு பிளக்கும் சிறு கோடாலி, வாய் மெலிதாக வேண்டும், கன்னம் சற்றுப் புடைத்திருக்க வேண்டும் என்று சொல்லி அடித்து வாங்குவது சிறந்தது. புடைத்த கன்னம் மரத்தில் சிக்காமல் விடுபடும். துவைச்சல் சரியா என்று பார்க்க நல்ல அரம் ஒன்று போதும். கூரின் மேல் அரத்தை ஓட்டினால் சிரமப்பட்டாவது கடிக்க வேண்டும். கண்ணாடிமேல் ஓடுவதுபோல வழுக்கினால் எஃகு மிகக் கடினம், கணுவில் பட்டால் பல் விழும். ஆணியைப் போல எளிதாகத் தேய்ந்தால் மிக மென்மை, வாய் மடங்கும்.

துவைச்சல் கெட்டுவிடும் என்பதால்தான் மின் சாணைக்கல்லில் கொடுப்பதை நான் எதிர்க்கிறேன். தெருவில் சாணை பிடிப்பவரின் கை வேகம் எனக்குப் பிடிக்கும், கத்திரிக்கோலுக்கும் காய்கறிக் கத்திக்கும் அவரே போதும். கோடாலி வாயை உலர்ந்த கல்லில் அழுத்தினால் மெல்லிய கூரின் நுனி சில விநாடிகளில் நிறம் மாறிவிடும். வைக்கோல் மஞ்சள் வந்தால் சூடு 220 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கிறது. நீலம் வந்தால் 300-ஐ எட்டியிருக்கிறது. நீலம் படிந்த இடத்தில் துவைச்சல் போய்விட்டது, அந்தப் பகுதி தேய்ந்து மறையும்வரை வாய் நிற்காது. கொடுத்தே ஆக வேண்டுமானால் ஒவ்வொரு தேய்ப்புக்கும் தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். வீட்டில் தட்டை அரமும் இரு பக்கச் சாணைக்கல் ஒன்றும் இருந்தால் இதெல்லாம் வேண்டாம். தலையைக் கட்டையில் அசையாமல் இறுக்கி, தோல் கையுறை போட்டுக்கொண்டு, இருபுறமும் சமமாக, மறுபுறம் நுண்ணிய பிசிறு தட்டுப்படும்வரை அரத்தால் தேய்த்து, பிறகு கல்லில் சிறு வட்டங்களாகத் தீட்டினால் ஒரு பருவத்துக்குப் போதும். மழுங்கிய வாய்தான் அதிகம் வழுக்குகிறது. கூரான கோடாலி ஆபத்து என்று மழுங்கலாகவே வைத்திருக்கும் வீடுகள் இந்த உண்மையை அறிந்தால் நல்லது.

புயலுக்குப் பிறகான வளவு வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கைக்கோடாலியைத் தவறாகக் கையில் எடுக்கும் சமயம் அதுதான். 2016 டிசம்பரில் வர்தா சென்னையில் சாய்த்த மரங்களையும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவில் சாய்த்த தோப்புகளையும் நினைத்துப் பாருங்கள். விழுந்த மரம் உயிரற்ற பாரம்போலத் தெரிந்தாலும் அதன் கிளைகள் தரையில் ஊன்றி வில்லாக வளைந்து நிற்கின்றன. வளைவின் வெளிப்புறத்தில் வெட்டினால் கிளை வெடித்துத் திரும்பி முகத்தில் அடிக்கும். அத்தகைய கிளையைத் தொடாமல் விடுவதே நல்லது. கட்டைவிரல் பருமனுள்ள சிறு கிளையென்றால் வளைவின் உட்புறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினால் இறுக்கம் தானாகத் தளர்ந்து விழும். தண்டிலிருந்து கிளை கழிக்கும்போது தூர்ப்பக்கத்திலிருந்து நுனிப்பக்கம் நோக்கி வெட்ட வேண்டும், வெட்டும் கிளைக்கும் உங்கள் காலுக்கும் நடுவில் தண்டு இருக்க வேண்டும். அப்போது தவறிய அடியைத் தண்டு வாங்கிக்கொள்ளும். சீமைக் கருவேலத்தின் முள்ளும், திருகுகள்ளியின் பாலும் கோடாலியைவிட மோசமான காயம் தரக்கூடியவை. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். அரளிக் கட்டையைச் சமையல் அடுப்பில் வைக்கவே கூடாது. ஓங்குவதற்கு முன் தலைக்கு மேலே துணிக்கொடி இருக்கிறதா என்று ஒரு முறை நிமிர்ந்து பார்க்க வேண்டும். கொடியில் சிக்கித் திரும்பும் கோடாலி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரப்பர் செருப்போடு இந்த வேலைக்கு இறங்க வேண்டாம். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை அழுத்திப் பிடித்தபடியே 108-ஐ அழைக்க வேண்டும், துணியை விலக்கி விலக்கிப் பார்க்கக் கூடாது.

கூடாரக்காரர்களுக்குச் சட்டம் பற்றியும் சொல்லியாக வேண்டும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி சரணாலயத்துக்குள் முன் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைய முடியாது. அந்தச் சட்டத்தின் பொருளில் கத்திகூட ஆயுதம்தான். மலைப்பகுதிகளில் தனியார் நிலத்து மரத்தைக்கூட அனுமதியின்றி வெட்ட முடியாதபடி 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆகவே கைக்கோடாலி போகக்கூடிய இடம் அனுமதி பெற்ற தனியார் முகாம்தான், அது தொடக்கூடியது விழுந்து காய்ந்த கட்டையை மட்டும்தான். கோடையில் அதையும் நெருப்பாக்க வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. காய்ந்த புல் மலைச்சரிவில் நெருப்பு மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது.

கடைசியாகக் காம்பு. நீளத்துக்கு அடுத்தபடி உயிருக்கு உத்தரவாதம் இதுதான், ஏனென்றால் கழன்ற தலை யாரைத் தேடிப் போகும் என்று தெரியாது. இரும்பிலேயே ஒன்றாக அடித்த காம்பு கழலாது, ஆனால் அதிர்ச்சியை நேராக மணிக்கட்டுக்கு அனுப்பும். கண்ணாடியிழைக் காம்பு மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும், உடைந்தால் பெரும்பாலும் கோடாலியே போயிற்று. பராமரிக்க நேரமில்லாதவருக்கு அது ஏற்றதுதான். மற்றவர்களுக்கு மரமே நல்லது. புளியும் கருவேலமும் நம்மிடம் இருக்கும்போது வெளிநாட்டு ஹிக்கரி மரத்துக்கு ஏங்க வேண்டியதில்லை. வண்ணம் பூசிய காம்பை வாங்காதீர்கள், இழையைப் பார்க்க முடியாது. இழை அடியிலிருந்து நுனிவரை பக்கவாட்டில் வெளியேறாமல் ஓடியிருக்க வேண்டும், பிடி முட்டை வடிவில் இருக்க வேண்டும். பட்டறைக் கோடாலிகள் பலவற்றில் துளை வட்டமாக இருப்பதால் உருண்டைக் காம்பே போடுகிறார்கள். உருண்டை கைக்குள் உருளும், வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரல்களுக்குத் தெரியாது. துளைக்குள் உருண்டையாக இருந்தாலும் பிடியையாவது முட்டை வடிவில் சீவித் தரச் சொல்ல வேண்டும்.

சித்திரை வெயிலில் மரம் உலர்ந்து சுருங்கித் தலை ஆடத் தொடங்கும். உடனே தண்ணீர் வாளியில் ஊறவைப்பது ஊர் வழக்கம். அன்றைக்கு இறுகும். ஆனால் இரும்புத் துளைக்குள் விரிய இடமின்றி மரத்தின் இழைகள் நசுங்கிவிடும், மறுபடி உலர்ந்ததும் முன்னைவிட அதிகமாகச் சுருங்கும், ஆட்டமும் கூடும். ஆப்பைத் தட்டி இறக்குவது அல்லது புது ஆப்பு வைப்பதுதான் வழி. ஆண்டுக்கு இரண்டு முறை ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் ஈரம் ஏறுவதும் இறங்குவதும் மட்டுப்படும். தேங்காய் எண்ணெய் மரத்தில் உலர்ந்து இறுகாது, பிசுபிசுப்பாகவே இருக்கும். ஆளி எண்ணெய் நனைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானே சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்த பிறகே எறிய வேண்டும். காம்பு உடைந்தால் துளைக்குள் இருக்கும் மிச்சத்தை நெருப்பில் போட்டு எரித்து எடுக்கிறார்கள், அதில் வாயின் துவைச்சல் போய்விடும். வெளியே நீட்டியிருப்பதை ரம்பத்தால் அறுத்துவிட்டு, உள்ளே இருப்பதில் சில துளைகள் போட்டுத் தட்டி எடுப்பதே முறை. உடைந்த காம்பை எறியாமல் தச்சரிடம் கொடுத்தால், கைக்குப் பழகிய பருமனில் அடுத்ததைச் செதுக்கித் தருவார். பெரும்பாலும் ஒரு சாண் கூட்டித்தான் செய்து கொடுப்பார்கள், நீளம் இருந்தால் நல்லதுதானே என்பார்கள். பழைய அளவுக்கே அறுத்துக் கொடுக்கச் சொல்லி வாங்கி வர வேண்டும்.